தண்ணீர் எதுவரை நிற்கும்?

நாவல்மடு ஏரியில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு கோடையின் கடைசியில், அங்கே வாழ்ந்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புதுத் தலைவர் ஒருவரைத் தேட வேண்டி வந்தது. பழைய தலைவரான கடமான் மலைமேல் குடியேறிவிட்டது. "இனிமே நீங்களாச்சு, உங்க ஏரியாச்சு" என்று சொன்னதோடு சரி. திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டியது. தலைவராக இருந்து அது பட்ட பாடு அப்படி.

ஏரித் தலைவருக்கு வேலை ஒன்றுதான். ஏரியின் தெற்கு மூலையில் கரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாக வெளியே வழியும். அதற்குக் கலங்கு என்று பெயர். மழைக்கு முன்னால் எல்லாம் சேர்ந்து கலங்கில் கல்லும் மண்ணும் போட்டு அடைக்கும். எவ்வளவு உயரம் அடைப்பது என்று சொல்ல வேண்டியவர் தலைவர். உயரமாக அடைத்தால் ஏரியில் தண்ணீர் ஏறி நிற்கும். தாழ்வாக அடைத்தால் இறங்கி நிற்கும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத்தான் தெரியும். ஆனால் ஏரியில் இருந்த ஒவ்வொன்றின் சாப்பாடும் படுக்கையும் அந்த உயரத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

வாக்களிக்கிற முறை எளிமையானது. வாக்கு நாளன்று விடிந்ததும் போட்டியிடுகிறவர்கள் பெரிய துறையில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். யார் வேண்டுமோ அவர் பக்கம் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். சேற்றில் பதிந்த கால்தடங்களை அரிவாள்மூக்கன் எண்ணிச் சொல்லும். அது எப்படியும் நாள் முழுக்கச் சேற்றைப் பார்த்தபடியே நடக்கிற பறவை. அதனால் அந்த ஏரியில் "உன் வாக்கு யாருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. "யார் பக்கம் தண்ணி குடிக்கப் போற?" என்றுதான் கேட்பது.

மீன்களுக்குக் கால் இல்லையே, அவற்றுக்கு வாக்கு உண்டா என்று ஒரு கேள்வி வருஷாவருஷம் எழும். வேறு எதிலும் ஒத்துப்போகாத நீர்நாய்களும் மடையான் கொக்குகளும் இதில் மட்டும் ஒரே குரலில் பேசும். "வேண்டவே வேண்டாம்" என்று இரண்டும் சொல்லிவிடும். மீன்கள் ஒன்றும் சொல்லாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வாக்குக் கேட்க வருகிறவர் எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பேச மாட்டார். மானும் நரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமா? மடையானுக்கு எதிரே தவளை வாயைத் திறக்குமா? அதனால் ஒவ்வொரு கூட்டத்தையும் அதனதன் துறையில் தனியாகப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு துறையில் பேசியது இன்னொரு துறைக்குக் கேட்காது.

அந்த வருஷம் இருவர் போட்டியிட்டார்கள்.

ஒருவர் பொன்னரசு என்ற கூழைக்கடா. அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வாய் வரும். அவ்வளவு பெரிய அலகு, அதற்குக் கீழே அவ்வளவு பெரிய பை, வெள்ளைவெளேர் என்று இறக்கை. அவர் நடந்து வந்தாலே எல்லாம் எழுந்து நிற்கும். குரலும் இதமானது. யார் எதைக் கேட்டாலும் அலகைத் திறந்து பையைக் காட்டி, "போட்டுக்கிட்டேன். உங்க கோரிக்கை இதோ பைக்குள்ள இருக்கு" என்பார். அவரைப் பொய்க்காரர் என்று சொல்ல முடியாது. எதிரே யார் நின்று பேசினாலும் அவர்கள் சொல்வது அந்த நேரத்துக்கு அவருக்கு உண்மையாகவே சரி என்று பட்டுவிடும். தொல்லையே அதுதான்.

இன்னொருவன் செவலையன் என்ற கீரி. மூக்குமேல் கோபம். பேச்சு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். முட்டை தின்கிறவன் என்ற பெயர் வேறு. அவன் வாக்குக் கேட்டு வந்தால் பறவைகள் முதலில் கூட்டை மறைத்துக்கொண்டு உட்காரும். பிறகுதான் காதைக் கொடுக்கும்.

ஏரியின் நடுவே ஒரு கோரைத் திட்டு இருந்தது. அங்கே அல்லி என்ற தாழைக்கோழி வாழ்ந்தாள். நீல உடம்பு, சிவந்த அலகு, தாமரை இலைமேல் நடப்பதற்கென்றே நீண்ட விரல்கள். அவள் துணைவன் பெயர் கோரையன்.

போன மழையில் அல்லிக்குப் பெரிய துக்கம் நேர்ந்தது. தண்ணீர் இதுவரைதான் நிற்கும் என்று கடமான் சொன்னதை நம்பி, கோரைகளை வளைத்துக் கூடு கட்டி முட்டையிட்டாள். பாதி மழையில் நீர்நாய்கள் போய்க் கடமானிடம் அழுதன. அது மனம் இளகிக் கலங்கில் இன்னும் இரண்டு கல்லைத் தூக்கி வைத்தது. மறுநாள் கூட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போவதை அல்லி பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு முந்தைய வருஷம் மடையான்கள் அழுதிருந்தன. அப்போது தண்ணீர் இறங்கி, செவலையனின் சித்தப்பன் நடந்தே வந்து கூட்டைக் காலி செய்துவிட்டுப் போனான்.

தண்ணீர் ஏறினால் கூடு முழுகும். இறங்கினால் கீரி நடந்து வரும். இந்த வருஷமாவது தன் குஞ்சுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அல்லி தவித்தாள். எவ்வளவு உயரம் என்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. எந்த உயரமானாலும் அதற்குத் தக்கபடி கூடு கட்ட அவளுக்குத் தெரியும். சொன்ன உயரம் மாறக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

கூட்டுக்குக் கோரை சேர்க்க அல்லி ஏரி முழுக்கச் சுற்றுவாள். எந்தத் துறைக்குப் பக்கத்திலும் கோரை இருந்தது. கோரைக்குள் அவள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஒரு துறையில் பேசுவது இன்னொரு துறைக்குக் கேட்காது என்ற வழக்கம் அவளிடம் மட்டும் செல்லவில்லை.

முதலில் ஆழத்துறையில் பொன்னரசு நீர்நாய்களோடு பேசுவதைக் கேட்டாள்.

"ஐயா, எங்களுக்கு முங்கி எழ ஆழம் வேணும். நாங்க அழுத பிறகுதான் போன வருஷம் ரெண்டு கல்லு வெச்சாங்க" என்றது பெரிய நீர்நாய்.

"ஆழம் இல்லாம நீர்நாய் எப்படிப் பிழைக்கும்? அந்த நாவல் மரத்து வேர் நனையற வரைக்கும் தண்ணி நிக்கும். பைக்குள்ள போட்டுக்கிட்டேன்" என்றார் பொன்னரசு.

அன்று சாயங்காலம் மணல்திட்டில் மடையான்கள் கூடின.

"எங்க முழங்கால் அளவு போதுங்க. அதுக்கு மேல ஏறினா மீன் கண்ணுக்குத் தெரியுது, வாய்க்கு எட்டல" என்றது மூத்த மடையான்.

"கொடுமையில்ல அது? உங்க முழங்காலுக்கு மேல ஒரு சொட்டு ஏறாது. போட்டுக்கிட்டேன்."

மறுநாள் புல்தரையில் மான்கள். குட்டியைப் பக்கத்தில் அணைத்தபடி ஒரு பெண்மான் முன்னால் வந்து, "நாங்க மேயப் போறப்போ குட்டியைப் புல்லுக்குள்ளதான் படுக்க வெச்சிட்டுப் போவோம். புல்தரை முழுகக் கூடாதுங்க" என்றது.

"புல்லோட நுனிகூட நனையாது" என்றார் பொன்னரசு.

புல்தரைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மொக்கையன் என்ற காட்டுப்பன்றி புரண்டுகொண்டிருந்தது. "என் பள்ளத்துக்குத் தண்ணி வரணும். சேறு காஞ்சு கிடக்கு" என்று உறுமியது. பள்ளத்துக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் புல்தரையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

"பள்ளம் நிரம்பி வழியும்" என்றார் பொன்னரசு. மான்கள் அப்போதுதான் எட்டிப் போயிருந்தன.

செவலையனும் அதே துறைகளுக்குப் போனான். அவன் பேச்சு நாலு வார்த்தையில் முடிந்துவிடும்.

"நாவல் வேர் வரைக்கும் ஏத்த முடியாது. அதுக்குக் கீழே சரிவுல கிடக்கே, அந்தச் சப்பைப் பாறை வரைக்கும்தான். அதுக்கு மேல கரை தாங்காது" என்றான் நீர்நாய்களிடம்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கரைக்குள்ள பூரா எலி வளை. உள்ள பூந்து எலி பிடிக்கிறவன் நான். எவ்வளவு பொள்ளலா கிடக்குன்னு எனக்குத் தெரியும்."

"எங்க மேல உனக்கு அவ்வளவு அக்கறையா?"

"உங்க மேல ஒரு அக்கறையும் இல்ல. கரை உடைஞ்சா எலி போகும். எலி போனா என் சாப்பாடு போகும்."

நீர்நாய்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டன.

மடையான்களிடம், "முழங்கால் அளவுன்னா பங்குனிக்குள்ள ஏரி காஞ்சிடும். சப்பைப் பாறை வரைக்கும் நிக்கும். ஓரமா நின்னு பிடிச்சுக்குங்க" என்றான். மான்களிடம், "புல்தரையில கீழ்ப்பாதி முழுகும், மேல்பாதி முழுகாது" என்றான். மொக்கையனிடம், "உன் பள்ளத்துக்குத் தண்ணி வராது. வேற பள்ளம் பாரு" என்றான். எல்லா இடத்திலும் அதே சப்பைப் பாறை. ஒரு இடத்திலும் ஒருவருக்கும் அவனைப் பிடிக்கவில்லை.

அல்லி திட்டுக்குத் திரும்பியபோது கோரையன் உற்சாகமாக இருந்தான்.

"பொன்னரசு ஐயா இந்தப் பக்கம் வந்தாரு, அல்லி. நம்ம கூட்டுக்கு ஒரு குறையும் வராதுன்னாரு. நேரா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு."

"தண்ணி எதுவரைக்கும் நிக்கும்னு சொன்னாரா?"

கோரையன் கொஞ்சம் யோசித்தான். "நம்ம கூட்டுக்கு எது வசதியோ அதுவரைக்கும்னாரு."

அல்லி கோரையைக் கீழே போட்டுவிட்டு நாவல் மரத்தடிக்குப் போனாள்.

உச்சி வெயிலில் எல்லாம் நாவல் மர நிழலில் ஒதுங்கும். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் யாரையும் தொடுவதில்லை என்று ஒரு ஏற்பாடு. அவரவர் தூரத்தில் அவரவர் இருந்துகொண்டு வம்பளக்கலாம். வாக்குக் கேட்கிறவர்கள் மட்டும் அங்கே வரக் கூடாது. வந்தால் தூங்க விட மாட்டார்கள் என்பது பழைய அனுபவம்.

அன்று யாரும் தூங்கவில்லை. தேர்தல் பேச்சு சூடாக நடந்தது.

"பொன்னரசுதான். பறக்கிறவரு. மேல இருந்து ஏரி மொத்தத்தையும் பார்ப்பாரு" என்றது மூத்த மடையான்.

"பறக்கிறவரு வெயில் ஏறினா பறந்தும் போயிடுவாரு. வருஷத்துல பாதி நாள் ஊர்லயே இருக்கிறதில்ல" என்றது ஒரு முயல்.

"அதுக்காக அந்தச் செவலையையா வைக்கிறது? முட்டைத் திருடன்" என்றது ஒரு நாரை.

"என் முட்டையை ஒண்ணும் அவன் திங்கல" என்றது மொக்கையன்.

"நீ முட்டையே போடறதில்லையே."

சிரிப்பு எழுந்தது. மொக்கையனும் சிரித்தது. "அவன் பேச்சு எனக்குப் பிடிக்கல. வேற பள்ளம் பாருங்கறான். பொன்னரசு ஐயா பேசினா வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு" என்றது.

அல்லி ஒரு வேரின்மேல் ஏறி நின்றாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் சொன்னாள். "பொன்னரசு ஐயா நீர்நாய்களுக்கு நாவல் வேர் வரைக்கும் தண்ணின்னு சொன்னாரு. மடையான்களுக்கு முழங்கால் அளவுன்னாரு. மான்களுக்குப் புல் நனையாதுன்னாரு. மொக்கையனுக்குப் பள்ளம் வழியும்னாரு. நான் காதால கேட்டேன். இது நாலும் ஒரே ஏரியில எப்படி நடக்கும்?"

நிழலில் இருந்தவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சரி, உறைத்துவிட்டது என்று அல்லி நினைத்தாள்.

பெரிய நீர்நாய்தான் முதலில் வாயைத் திறந்தது. "மடையான்கள் மனசு நோகக் கூடாதுன்னு அப்படிச் சொல்லி வெச்சிருப்பாரு. பாவம், நல்ல மனசு. எங்ககிட்டச் சொன்னதுதான் நிஜம்."

"நல்லாருக்கே" என்றது மடையான். "உங்களைச் சமாதானப்படுத்தத்தான் நாவல் வேர்னு சொல்லியிருப்பாரு. எங்ககிட்டச் சொன்னதுதான் நிஜம்."

"ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்காரு" என்று மொக்கையன் மெச்சிக்கொண்டது. "கெட்டிக்காரரு. என் பள்ளம் நிரம்பிடும்."

அல்லிக்கு அழுகை வரும்போல் இருந்தது. பொன்னரசு பொய் சொல்லியிருக்கிறார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பொய் அடுத்தவருக்குச் சொன்னது என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் வேரிலிருந்து இறங்கி நடந்தாள்.

புல்தரை ஓரத்தில் பெண்மான் அவளைக் கூப்பிட்டது. "நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு கலங்கிக் கிடக்கு" என்றது. "பாதிப் புல்தரை போகும்னு கீரி சொன்னான். கோபம்தான் வந்தது. ஆனா மேல்பாதியில குட்டியைப் படுக்க வைக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. பொன்னரசு ஐயா சொல்றதை வெச்சு என் குட்டியை எங்கே படுக்க வைக்கிறதுன்னே தெரியலையே."

"எனக்கும் அதேதான்" என்றாள் அல்லி. "எங்கே கூடு கட்டறதுன்னு தெரியல."

"வாயால சொன்னா ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கிறாங்க."

அல்லி நின்றாள். பக்கத்தில் காய்ந்த சரிவில் கோரை உயர உயரமாக வளர்ந்திருந்தது. "அப்போ வாயால சொல்ல வேண்டாம். நட்டுக் காட்டச் சொல்லுவோம்" என்றாள்.

வாக்குக்கு முந்தைய நாள் மாலை, போட்டியிடுகிற இரண்டு பேரும் பெரிய துறைக்கு வந்து எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும் என்று அல்லியும் பெண்மானும் கேட்டுக்கொண்டன. "வழக்கம் இல்லையே" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. செவலையன், "வரேன்" என்றான். பொன்னரசு யார் கேட்டதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "பைக்குள்ள போட்டுக்கிட்டேன்" என்று மலர்ந்த முகத்தோடு சொல்லிவிட்டார்.

மாலையில் துறை நிரம்பியது. மான்கள் ஒரு பக்கம், நரிகள் வெகு தூரத்தில் ஒரு பக்கம். அல்லி கிழங்கோடு பிடுங்கிய இரண்டு கோரைத்தண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரே கேள்விதான்" என்றாள். "நீங்க தலைவரானா தண்ணி எதுவரைக்கும் வந்து நிக்கும்? அந்த இடத்துல இந்தத் தண்டை நட்டுக் காட்டுங்க."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் பொன்னரசு. தண்டை அலகில் கவ்விக்கொண்டு கம்பீரமாகச் சரிவில் ஏறினார். நாவல் வேரை நோக்கிப் போனார். நீர்நாய்கள் வாலைத் தரையில் தட்டின. மான்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. பொன்னரசு நின்றார். திரும்பிக் கொஞ்சம் இறங்கினார். மொக்கையன் உறுமியது. உடனே கொஞ்சம் ஏறினார். மடையான்கள் கழுத்தை நீட்டின. மறுபடி இறங்கினார். மணல்திட்டுவரை வந்துவிட்டார். இப்போது நீர்நாய்கள் சீறின.

வாயில் தண்டு இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. பேச முடியாத பொன்னரசை அந்த ஏரி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது. அவர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். அல்லிக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசியில் அவர் முகம் பிரகாசமானது. துறையில் இறங்கி, தண்டைத் தண்ணீர்மேல் படுக்க வைத்தார். அது மிதந்தது.

"தண்ணி எங்கே நிக்குதோ அங்கே இதுவும் நிக்கும்! யாருக்கும் குறை வராது!" என்றார்.

பாதிக் கூட்டம் ஆரவாரம் செய்தது. "பார்த்தியா, எப்படிச் சமாளிச்சாரு" என்று கோரையன் அல்லியின் காதில் சொன்னான். பெண்மான் மட்டும் மிதக்கும் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

செவலையன் இன்னொரு தண்டை எடுத்தான். அடிக்கிழங்கைக் கடித்துத் துப்பினான். சப்பைப் பாறைக்குப் போய், அதை ஒட்டி மண்ணைத் தோண்டி, தண்டை இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கினான். "இதுவரைக்கும்" என்றான். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நீர்நாய்களும் முறைத்தன, மடையான்களும் முறைத்தன.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் அல்லி. "முட்டை?"

செவலையன் அவளை நேராகப் பார்த்தான். "கைக்கு எட்டினா தின்பேன். எட்டாத இடத்துல வெச்சுக்க."

பறவைகள் அத்தனையும் ஒரே கூச்சல். கோரையன் அல்லியின் இறக்கையை அலகால் பிடித்து இழுத்தான். "வா அல்லி, போவோம். இவன் பக்கம் யாராவது தண்ணி குடிப்பாங்களா?" என்றான்.

அல்லி போகவில்லை. எல்லாம் கலைந்த பிறகு நட்ட தண்டுக்குப் பக்கத்தில் பாறைமேல் நின்றாள். அந்த மட்டத்துக்கு நேராக நடு ஏரியின் கோரைத் திட்டைப் பார்த்தாள். எந்தக் கோரையில் எந்த இடம் அந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் அதுவரை நின்றால் திட்டைச் சுற்றி நல்ல ஆழம் இருக்கும். கீரிக்கு அவ்வளவு தூரம் நீந்தத் தெம்பு போதாது. அதற்குக் கொஞ்சம் மேலே கூட்டைக் கட்டினால் முழுகவும் முழுகாது. இரண்டு வருஷமாகக் கிடைக்காத நிம்மதி அன்று அவளுக்குக் கிடைத்தது.

விடிந்தது. எல்லாம் பெரிய துறைக்கு வந்தன. பொன்னரசு வலப்பக்கமும் செவலையன் இடப்பக்கமும் நின்றார்கள். தண்ணீர் குடிக்கப் போகும் முன் பெரிய நீர்நாய் சுற்றுமுற்றும் பார்த்தது.

"எங்க தண்டு எங்கே?"

"உங்க தண்டா? அது எங்களுது" என்றது மடையான். "நேத்து இங்கேதானே மிதந்துது."

தண்டைக் காணவில்லை. காற்றில் அது எங்கோ ஒதுங்கியிருக்க வேண்டும். எல்லாம் தேடின. கடைசியில் மொக்கையன் கொஞ்சம் தயங்கிச் சொன்னது. "என் பக்கம்தான் ஒதுங்கிச்சு. அடியில கிழங்கு இருந்துச்சா... தின்னுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றும் சப்பைப் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே செவலையனின் தண்டு நின்றுகொண்டிருந்தது.

"கவலைப்படாதீங்க, இன்னொரு தண்டு போட்டுடலாம்" என்றார் பொன்னரசு.

பெண்மான் குட்டியோடு இடப்பக்கம் போய்க் குனிந்து குடித்தது. மான் கூட்டம் அதன் பின்னால் போனது. முயல்கள் போயின. அல்லி இடப்பக்கம் நடந்தாள். அவ்வளவு பறவைகளில் அவள் ஒருத்திதான். நாரைகள் அவளைப் பார்த்து, "வெட்கமாயில்ல?" என்று கேட்டன. அவள் குனிந்து ஒரு வாய் குடித்தாள். கோரையன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து குடித்தான்.

அரிவாள்மூக்கன் தடங்களை எண்ணி முடித்துச் செவலையன் பெயரைச் சொன்னது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மான் கூட்டம் அந்தப் பக்கம் போயிருந்தால் பொன்னரசுதான் தலைவர்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே கலங்கைச் சப்பைப் பாறை மட்டத்துக்கு அடைத்தாகிவிட்டது. அல்லி கூட்டைக் கட்டி முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நாளுக்கு நாள் ஏறியது. மணல்திட்டு மறைந்தது. புல்தரையின் கீழ்ப்பாதி முழுகியது. மான்கள் குட்டிகளை முன்பே மேல்பாதிக்குக் கொண்டுபோயிருந்தன.

நீர்நாய்கள் வழக்கப்படி செவலையனிடம் போய் அழுதன. "இன்னும் ரெண்டே ரெண்டு கல்லு."

"முடியாது."

"போன வருஷம் கடமான் வெச்சுதே."

"அதான் இப்போ மலையில இருக்கு."

மடையான்கள் போய் இரண்டு கல்லை எடுக்கச் சொல்லி அழுதன. அதற்கும், "முடியாது" என்றான். பொன்னரசு பக்கத்துப் பாறையில் இறகு உலர்த்தியபடி, "நானா இருந்தா ரெண்டு கல்லு வெச்சும் இருப்பேன், எடுத்தும் இருப்பேன்" என்று வருத்தப்பட்டார்.

ஒரு நாள் காலையிலிருந்து மழை விடவே இல்லை. கூட்டின் அடிக்கோரையில் தண்ணீர் மோதத் தொடங்கியது. "எழுந்திரு அல்லி, போன வருஷம் மாதிரியே ஆகப் போகுது" என்று கோரையன் பதறினான். அல்லி எழவில்லை. பாறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தண்டின் அடியைத் தொட்டது. அப்போது தெற்கு மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கலங்கு வழியத் தொடங்கியிருந்தது. மழை சாயங்காலம்வரை பெய்தது. தண்ணீர் தண்டின் அடியிலேயே நின்றது.

கலங்குக்குப் பக்கத்தில் செவலையன் நனைந்து போய் உட்கார்ந்திருந்தான். நனைவது கீரிகளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இரண்டு நீர்நாய்கள் கல்லோடு வந்து, அவனைப் பார்த்ததும் கல்லைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயின.

சில நாள் கழித்து, கூட்டிலிருந்து கீச்சு கீச்சு என்று சத்தம் கேட்டது. கறுப்புப் பஞ்சுபோல் குஞ்சுகள் தலையை நீட்டின. கோரையன் திட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அல்லி அழுதாள்.

செவலையன் கரையோரம் வந்து நின்று எட்டிப் பார்த்தான். "எத்தனை?" என்று கேட்டான்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அல்லி.

"நல்லதுதான். தெரிஞ்சா பசி கூடும்." நாக்கால் வாயை நக்கிக்கொண்டான். "முட்டையா இருந்தப்போ ஒரு நாள் நீந்தி வந்து பார்த்தேன். பாதி வழியில மூச்சு வாங்கிடுச்சு."

"வருவீங்கன்னு தெரியும். உங்க தண்டைப் பார்த்துத்தான் இடம் பிடிச்சேன்."

செவலையன் பாறையோரத்துத் தண்டைத் திரும்பிப் பார்த்தான். "அடுத்த வருஷமும் என் பக்கம் தண்ணி குடிப்பியா?"

"தண்டை நட்டுக் காட்டுங்க. பிறகு சொல்றேன்" என்றாள் அல்லி, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு.

எல்லாருக்கும் சரி என்று தலையாட்டுகிறவரை நம்பிக் கூடு கட்ட முடியாது. பிடிக்காததையே சொன்னாலும் சொன்ன இடத்தில் நிற்கிறவரை நம்பிக் கட்டலாம்.